ஸ்டுடெனாவின் நீர்ப்படம்

ஈரப் புல்லில் குப்புறப் படுத்திருந்தேன். முகத்துக்கு நேரே ஓர் இரும்புக் கம்பி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கி நின்றது. அதன் நுனியில் காதை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். காது மடல் விறைத்துப் போகும் அளவுக்குக் குளிர்.

முதலில் என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"மூச்சை அடக்குங்கோ," என்றார் லென்கா.

அடக்கினேன். கேட்டது.

என்ன கேட்டது என்று எழுதுவதற்கு முன்னால், நாங்கள் யார், அங்கே எதற்குப் போனோம் என்று சொல்லியாக வேண்டும். அந்தப் புல்வெளியில் ஐந்து பேர் இருந்தோம். செக் நாட்டவர் இருவர், ஜேர்மன்காரர் ஒருவர், மதுரைப் பெண் ஒருத்தி, பருத்தித்துறையில் பிறந்த நான்.

ஜேர்மனியின் ஹம் நகரத்தில் நில அளவைத் தொழில் படித்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு டிரெஸ்டனில் ஓர் அளவை அலுவலகத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். எல்லைக் கல், சுவர் மூலை, தெருவோரம் என்று எத்தனையோ அளந்தாயிற்று. உடம்பு சிலிர்க்க வேலை செய்தது இந்த ஒரு முறைதான். அதற்குச் சம்பளமும் இல்லை.

குளிர்ந்த ஊற்று என்ற ஊரில்

மழை எட்டிப் பார்க்காத ஒரு கோடை. அதற்கு முந்தைய இரண்டு கோடைகளும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவர் சிவாவும் செக் எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கப் போயிருந்தோம்.

டிரெஸ்டன் பக்கமிருந்து போனால் எர்ஸ்கெபிர்கெ மலைத்தொடர் மலை மாதிரியே தெரியாது. வயலும் காடுமாக மெல்ல மெல்ல உயரும். உச்சிக்கு வந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்போதுதான் திடுக்கிடும். செக் பக்கம் அப்படியே சரிந்து விழுகிறது. கீழே சமவெளியில் நிலக்கரி தோண்டிய பள்ளங்களும் மின்நிலையப் புகைக்கூண்டுகளும் தெரியும்.

அந்த விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு மடிப்பில் இருக்கிறது ஸ்டுடெனா. ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். பொருளை மாற்றவில்லை. செக் மொழியில் ஸ்டுடெனா என்றால் "குளிர்ந்தது". அதற்கு முன் ஊருக்கு இருந்த ஜேர்மன் பெயருக்குக் "குளிர்ந்த ஊற்று" என்று பொருள்.

மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஓர் ஓடை. அதன் இரு கரையிலும் ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள். ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க அரைமணி நேரம் ஆகும். ஆனால் வீடுகள் கொஞ்சம்தான். இரண்டு வீட்டுக்கு இடையில் பத்து வீட்டு வெளி. அந்த வெளிகளில் யாரும் நடாத ஆப்பிள் மரங்களும் லைலாக் புதர்களும் நின்றன. அவை நின்ற இடங்களில் ஒரு காலத்தில் வீடு இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஊர் நடுவில் ஒரு தண்ணீர் வண்டி. அதன் முன்னால் வாளிகளோடு வரிசை. ஒரு பெண் கையில் பேரேட்டை வைத்துக்கொண்டு யார் வீட்டுக்கு எத்தனை வாளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்தான் லென்கா, ஊர்த் தலைவி. எல்லைக்கு இந்தப் பக்கம் விடுதிகளில் வேலை செய்தவர் என்பதால் ஜேர்மன் நன்றாகப் பேசுவார்.

அவர் பேசியது ஜேர்மன். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"கிணறெல்லாம் வத்திப்போச்சு. ஊருக்குப் பேர் குளிர்ந்த ஊற்று. குடிக்க ஒரு சொட்டு இல்லை," என்றார். "குழந்தைப் பிள்ளையோட இருக்கிற மூண்டு குடும்பம் போகப் போகுது. அவையும் போனால் இஞ்ச மிஞ்சிறது கோடை விடுமுறைக்கு வாற ஆக்கள்தான்."

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணறு வற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. நான் அங்கேயே நின்று கேள்வி கேட்கத் தொடங்கினேன். கிணறு எத்தனை ஆழம், கல்லா மண்ணா, முந்திய ஆட்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள்?

சிவா என் முதுகுப்பையைப் பிடித்து இழுத்தார். "உமக்கு விசரே, யசோ? ஞாயிற்றுக்கிழமையிலையும் காணி அளக்கிற யோசனையே?"

"இவை வத்தின கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கினம். நீங்கள் காணி எண்டுறியள்," என்றேன்.

முந்திய ஆட்கள் எங்கே எடுத்தார்கள் என்ற கேள்விக்கு லென்கா தோளைக் குலுக்கினார். "அதைச் சொல்லுற ஆக்கள் ஒருத்தரும் இஞ்ச இல்லை."

ஊவேயின் காகிதம்

ஏன் இல்லை என்பதற்கு அந்த ஊரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வந்தவர்கள் வெள்ளீயம் தேடி வந்த சுரங்கத் தொழிலாளர்கள். வெள்ளீயம் தீர்ந்ததும் அவர்களின் பிள்ளைகள் மரப்பொம்மை கடைந்தார்கள், லேஸ் பின்னினார்கள். எல்லோரும் ஜேர்மன் பேசியவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், தூக்கக்கூடிய மூட்டையோடு அவர்களை எல்லைக்கு இந்தப் பக்கம் அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில், ஜேர்மன் ஆக்கிரமிப்பில், செக் மக்கள் பட்டதும் கொஞ்சமல்ல. எது எதற்குப் பதில் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தமட்டில் நிறுத்துகிறேன்.

பிறகு தொலைவிலிருந்து புதியவர்கள் குடியேறினார்கள். ஆள் நிரம்பாத வீடுகள் இடிந்தன, சில இடிக்கப்பட்டன. கீழேயிருந்து வந்த நிலக்கரிப் புகையில் காடு செத்தது. மறுபடி நட்டார்கள். இவ்வளவும் ஓர் ஆயுட்காலத்துக்குள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் இதையெல்லாம் ஊவேயிடம் கொட்டினேன். ஊவே எங்களுடைய வாகனம் ஓட்டுபவர். அளவைக் கருவியின் முக்காலியைத் தூக்கி நடுபவரும் அவர்தான். பத்து வருடமாக ஒன்றாக வெளிவேலைக்குப் போகிறோம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார்.

"கால்டன்போர்ன்," என்றார். அதுதான் பழைய பெயர்.

மறுநாள் ஒரு நகலெடுத்த தாளை என் மேசையில் வைத்தார். அவருடைய அப்பா ஆறு வயதில் அந்த ஊரிலிருந்து வெளியேறியவர். தாத்தா யோசெஃப் அங்கே பள்ளி ஆசிரியர். சுரங்கக்காரர்களின் பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்துப் பிள்ளைகளை வைத்து வரைவித்த தாள் அது. வெளியேறும்போது ஒரு பாட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தபடி வந்ததாம்.

அதில் வீடுகளே இல்லை. தண்ணீர் மட்டும். ஓடை, கால்நடைத் தொட்டிகள், வந்து சேரும் ஒரு சின்ன வாய்க்கால், ஊரின் இரு முனையிலும் இரண்டு சிற்றாலயங்கள். இடது முனைச் சிற்றாலயத்திலிருந்து ஒரு கோடு மேலே போனது. அருகில் "இருநூற்றுப் பத்து எட்டு", அதாவது இருநூற்றுப் பத்து காலடி. கோட்டின் முடிவில் ஒரு கறுப்பு அரைவட்டம், பக்கத்தில் "நீர்ச்சுரங்கம்".

"வெள்ளீயச் சுரங்கத்துத் தண்ணி வெளியே வாற வாய். ஊரே அதைத்தான் குடிச்சதாம்," என்றார் ஊவே.

"ஊவே, வாங்கோ, நாளைக்கே போவம்."

"நான் வரேல்லை. அப்பா ஒருநாளும் திரும்பிப் போகேல்லை. நாங்கள் போய் நிண்டால் வீட்டைக் கேட்க வந்திருக்கினம் எண்டு நினைப்பினம். இதை நீர் கொண்டு போம்."

பிழையான பக்கம்

நிவேதாவுக்கு ஃபோன் அடித்தேன். மதுரைக்காரி. டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் ஆராய்ச்சி. பொங்கல் விழாவில் பாத்திரம் கழுவும்போது பழக்கமானோம். ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, இது சூப்பர்க்கா. பாறைல இருக்கிற கிராக்ஸ் எல்லாத்துலயும் இருந்து டனல் தண்ணிய கலெக்ட் பண்ணும். மேல இருக்கிற கிணறு வத்தினாலும் இது அவ்வளவு சீக்கிரம் வத்தாது." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "ஆனா இந்த வாய்க்கால் மட்டும் ராங்கா சேருதுக்கா. வாய்க்கால் ஓடையில கலந்தா ஓடை போற திசைக்குத்தான் சாய்ஞ்சு கலக்கும். இது எதிர்ல சாயுது."

"பிள்ளையள் கீறினது தானே," என்றேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று பின்னால் தெரிந்தது.

மேற்கு முனைச் சிற்றாலயம் இன்றும் நிற்கிறது. கிழக்கு முனையில் இருந்ததற்கு இரண்டு கல்படிகள்தான் மிச்சம். படத்தின் இடதுபக்கம் மேற்கு. ஆகவே மேற்குச் சிற்றாலயத்திலிருந்து வடக்கே இருநூற்றுப் பத்து எட்டு. லென்கா அனுமதிக் கடிதங்களுக்கு அலைந்து, ஊர்ச்சபையைச் சம்மதிக்க வைத்து, ஒரு மண் தோண்டும் பெக்கோவை வரவழைத்தார். இரண்டு நாள் தோண்டினோம்.

கல். கல்லுக்குக் கீழே கல். புழுதி.

இரண்டாம் நாள் மாலை ஊர்க்காரர்கள் வேலியோரம் நின்று சிரித்தார்கள். லென்கா சிரிக்கவில்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை. குழியை மூடச் சொல்லிவிட்டு வாளிப் பேரேட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் வண்டிக்குப் போனார். அந்த முதுகைப் பார்த்தபடி நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் என்றால் எந்தத் திசை

சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று திசைகள். பலகையில் நான்கு திசையையும் எழுதி, கிழக்குக்குள் "கீழ்" இருக்கிறது, மேற்குக்குள் "மேல்" இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

முன் வரிசையில் இருந்த ஓவியா கை உயர்த்தினாள். "டீச்சர், மேற்குக்குள்ள மேல் இருக்கெண்டால் அதை ஏன் இடப்பக்கம் எழுதினனீங்கள்? மேலை எல்லோ எழுதோணும்?"

"படத்திலை எப்பவும் வடக்குத்தான் மேலை இருக்கும்," என்று சொல்ல வாயெடுத்தேன். எப்பவும்?

படத்தின் உச்சியில், பழைய ஜேர்மன் கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது. அந்த எழுத்து எனக்கு வாசிக்க வராது. ஊவே வாசித்துச் சொல்லியிருந்தார்: "மதியம்." பள்ளி விடுகிற நேரத்தைப் பிள்ளைகள் எழுதியிருப்பார்கள் என்று இருவரும் விட்டுவிட்டோம்.

எங்கள் ஊரில் மதியச் சூரியன் உச்சந்தலையில் நிற்கும். மதியத்துக்குத் திசை கிடையாது. ஆனால் இங்கே மதியச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கிறது. சுரங்கக்காரனுக்கு மதியம் என்றால் தெற்கு!

பலகை முன்னால் நின்று நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடத்தை உதவிக்கு வந்த அம்மா ஒருவரிடம் விட்டுவிட்டு நடைவழிக்கு ஓடி ஃபோனை எடுத்தேன்.

"நிவேதா, அந்த வாய்க்கால் பிழையில்லை. படம்தான் தலைகீழ். மேலை இருக்கிறது தெற்கு."

தாள் புரளும் ஓசை.

"ஐயோ அக்கா. கரெக்டுக்கா. திருப்பி வச்சா வாய்க்கால் பக்காவா சேருது. அப்ப நாம தோண்டினது…"

"ஊரின்ரை மற்ற முனை. ஓடையின்ரை மற்றக் கரை. எல்லாமே எதிர்ப்பக்கம்."

கிழக்கு முனையில் இருக்கிற கல்படிகள். அங்கிருந்து தெற்கே இருநூற்றுப் பத்து எட்டு. லென்காவுக்கு ஃபோன் அடித்துச் சொன்னேன்.

"அது பாவெலின்ரை புல்வெளி," என்றார். "அவர் விடமாட்டார்."

பாவெலின் வாசல்

பாவெலுக்கு அறுபது வயதிருக்கும். மாடு வளர்ப்பவர். அவர் குடியிருப்பது பழைய ஆசிரியர் வீடு. ஊவேயின் தாத்தா யோசெஃப் இருந்த வீடு. ஜேர்மன்காரரின் படம் ஒன்று தன் காணிக்குள் கோடு போட்டுக்கொண்டு வருகிறது என்று கேள்விப்பட்டதும் வாசல் கதவைச் சாத்திக்கொண்டாராம். இன்றைக்குத் தண்ணீர் என்று வருவார்கள், நாளைக்கு வீடு என்று வருவார்கள் என்றாராம்.

இதை ஊவேயிடம் சொன்னேன். வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். "நான் நேரே வந்து சொன்னால் நம்புவாரே?"

"தெரியாது. நீங்கள் வராட்டில் நம்பமாட்டார். அது மட்டும் தெரியும்."

அக்டோபரில் ஒரு காலை நாங்கள் மூவரும் எல்லையைக் கடந்தோம். ஊவே ஓட்டினார். ஊர்ப் பலகை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்தார், பிறகு நின்றே விட்டார். நிவேதா பின் இருக்கையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். இரண்டு எடுத்துக் கடித்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டினார்.

பாவெல் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லென்கா நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

"வீட்டைப் பாக்க வந்தனீரோ?" இதுதான் பாவெலின் முதல் பேச்சு.

"இல்லை," என்றார் ஊவே. "எனக்கு வீடு இருக்கு. டிரெஸ்டனிலை, மூண்டாம் மாடி. லிஃப்டும் இருக்கு."

பாவெல் முகம் அசையவில்லை. "எல்லாரும் முதல்லை அப்படித்தான் சொல்லுவினம்."

ஊவே சட்டைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தார். நகல் இல்லை. மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த மூலத் தாள். "இந்த ஊரிலை இருந்து எங்களிட்டை இருக்கிறது இது ஒண்டுதான். இதை நீங்கள் வச்சுக்கொள்ளுங்கோ. பிறகு கேட்க என்னட்டை ஒண்டும் இல்லை."

எனக்கே தெரியாது, அவர் அதைக் கொண்டுவந்திருந்தார் என்று.

பாவெல் தாளை வாங்கவில்லை. பார்த்தார். விரலால் தொடாமல், ஓடையின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனார். அரைவட்டத்தில் நிறுத்தினார். லென்காவிடம் வேகமாக ஏதோ கேட்டார். லென்கா பதில் சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினார். அவர் குரல் மாறியிருந்தது.

"அந்த இடம் தனக்குத் தெரியுமாம். எந்தக் கோடையிலையும் அங்கை டிராக்டர் சில்லுப் புதையுமாம். வாய்க்கால் தண்ணி கசியுது எண்டு நினைச்சு ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம்."

பாவெல் ஏற்கனவே கொட்டகைக்குள் போயிருந்தார். நீளமான இரும்புக் கம்பியோடும் சம்மட்டியோடும் வெளியே வந்தார். தன் அப்பாவும் அம்மாவும் கிழக்கே எங்கோ ஒரு கிணற்றை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தார்கள் என்று நடக்கும்போது சொன்னாராம். லென்கா அதைப் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

கல்படியிலிருந்து எட்டுகளை எண்ணியது நான். வாய்விட்டுத் தமிழில் எண்ணினேன். இருநூற்றுப் பத்தாவது எட்டில் என் சப்பாத்து கணுக்கால் வரை புதைந்தது.

பாவெல் கம்பியை அடித்து இறக்கினார். முதலில் அவர் படுத்தார். எழுந்தபோது யாரையும் பார்க்காமல் கம்பியை மட்டும் சுட்டிக் காட்டினார். பிறகு லென்கா. பிறகு நிவேதா, "அக்கா, அக்கா, அக்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு நான்.

என் நெஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. நிறுத்தாமல், அவசரமில்லாமல், கல்லுக்குள் கூட்டமாக ஆட்கள் மெல்லப் பேசிக்கொள்வது போல. தண்ணீர்.

கடைசியாக ஊவே படுத்தார். நெடுநேரம் எழவில்லை. பாவெல் குனிந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

திறந்த நாள்

சுரங்க அலுவலகம், அனுமதி, பாதுகாப்பு ஆட்கள் என்று பனிக்காலம் முழுக்கப் போனது. மே மாதத்தில் சரிந்த வாயைத் திறந்தார்கள். முதலில் செம்மண் நிறத்தில் ஒரு குழம்பு வந்தது. பிறகு சாம்பல் நிறம். மத்தியானத்துக்குள் கண்ணாடி போல வந்தது. முழங்கால் உயரக் கல் வளைவு, உளியால் கொத்திய தழும்புகளோடு அப்படியே இருந்தது. வேலியோரம் நின்று சிரித்த அதே ஆட்கள் வாளிகளோடு ஓடி வந்தார்கள்.

"யாரும் குடிக்கக் கூடாது," என்று நிவேதா கத்தினாள். இந்த மலைத் தண்ணீரில் ஆர்சனிக் நஞ்சு இருக்கலாம். மாதிரி எடுத்துப் போனாள். மூன்று வாரம் நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. முதல் மாதிரியில் ஆர்சனிக் இருந்தது. லென்கா அன்று ஃபோனை வைத்துவிட்டார். மண் கலங்கியதால் இருக்கும் என்று நிவேதா மறுபடி எடுத்தாள், மறுபடியும் எடுத்தாள். ஒரு வடிகட்டித் தொட்டி வைத்தால் தாராளமாகக் குடிக்கலாம் என்று முடிவு வந்தபோது நான் பேரங்காடியில் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தேன். தக்காளியை விட்டுவிட்டு வெளியே வந்து சிவாவுக்குச் சொன்னேன்.

"இனி ஞாயிற்றுக்கிழமையளிலை என்னோட இருப்பீரோ?" என்றார் அவர்.

இலையுதிர் காலத்துக்குள் குழாய் வந்துவிட்டது. போகவிருந்த மூன்று குடும்பங்களில் ஒன்று போனது. இரண்டு இருக்கின்றன.

லென்கா ஊருக்குப் புதிய நீர்ப்படம் ஒன்று கேட்டார். மாலை வேளைகளில் வீட்டில் இருந்து வரைந்தேன். சுரங்கவாய், தொட்டி, குழாய், வீடுகள். வடக்கு மேலே. வீடுகளில் இன்று இருப்பவர்களின் பெயர்களை மட்டும் எழுதினேன். பழைய பெயர் எதையும் சேர்க்கத் துணியவில்லை.

ஊர் மண்டபத்தில் அதை மேசையில் விரித்தோம். ஊவேயும் வந்திருந்தார், கடைசி வரிசையில் சுவரோடு. பாவெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வீட்டைத் தேடினார். கண்டுபிடித்ததும் தலையை ஆட்டி, பிழை இருக்கிறது என்று லென்காவிடம் சொன்னார்.

எல்லைக் கோட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பாவெல் பேனாவைக் கேட்டு வாங்கினார். தன் பெயருக்குக் கீழே, சின்னப் பிள்ளை எழுதுவது போல ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். எழுதி முடித்ததும், எழுத்துப் பிழை உண்டா என்று பார்க்கும்படி கடைசி வரிசைக்குக் கை காட்டினார்.

ஊவே எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "யோசெஃப், ஆசிரியர்" என்று இருந்தது.

"சரியாத்தான் இருக்கு," என்றார். பிறகு வாகனத்தைப் பூட்டினேனா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சாவி மேசையில்தான் கிடந்தது.